சீட்டில் வளரும் மரம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

சீட்டாட்டம் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. வாங்கிய கூலியை அன்றே சீட்டில் தோற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அவர்களைக் கேட்டால் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "நமக்கு விழுந்த சீட்டு சரியில்லை." படிப்பிலும் நம்மில் பலர் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறோம். படித்த வீட்டில் பிறக்கவில்லை, ஆங்கிலப் பள்ளியில் பயிலவில்லை, ஆகவே கணிதம் நமக்கு வராது என்கிறோம். அதுவும் விழுந்த சீட்டின் மேல் பழி போடுவதே.

நான் இங்கே சொல்ல வந்ததும் ஒரு சீட்டாட்டம்தான். ஆனால் இதில் காசு இல்லை. மறைத்து வைக்கும் கையும் இல்லை. குலுக்கிப் போடுவதால் வரும் அதிர்ஷ்டமும் இல்லை. இருவர் சேர்ந்து சீட்டுகளால் மரம் வளர்ப்பார்கள். பிறகு இருவருமே அதை வெட்டி வீழ்த்துவார்கள். யார் வெல்வார் என்பதை மரத்தைப் பார்த்தே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு நம் பாட்டிமார் பால் அளந்த கணக்கேதான் என்பதே இந்தக் கட்டுரையின் செய்தி.

இந்த ஆட்டத்தின் மூலவடிவத்துக்கு 'ஹேக்கன்புஷ்' என்று பெயர். இங்கிலாந்தில் பிறந்த கணித மேதை ஜான் ஹார்ட்டன் கான்வே கண்டுபிடித்தது. காகிதத்தில் இரு வண்ணக் கோடுகளால் படம் வரைந்து, கோடுகளை ஒவ்வொன்றாக அழித்து ஆடுவது வழக்கம். விடுதி அறையில் வண்ணச் சாக்பீசுக்கு எங்கே போவது? ஒரு சீட்டுக்கட்டு இருந்தால் போதும். நான் கீழே தருவது அதைச் சீட்டுக்கு ஏற்ப மாற்றிய வடிவம்.

ஆடும் முறை

ஒரு கட்டில் 52 சீட்டுகள். இஸ்பேட், கிளாவர் இரண்டும் கறுப்பு. ஆட்டின், டைமண்ட் இரண்டும் சிவப்பு. ஆக 26 கறுப்பு, 26 சிவப்பு. ஒருவர் கறுப்புக்காரர், மற்றவர் சிவப்புக்காரர். (இது சீட்டின் நிறம் மட்டுமே, வேறு எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம்!) சீட்டில் உள்ள எண்ணுக்கும் படத்துக்கும் இங்கு வேலை இல்லை. ராஜாவும் ஒன்றே, இரண்டாம் எண்ணும் ஒன்றே. ஆளுக்குத் தம் நிறத்தில் எட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

மேசையின் ஓரத்தைத் தரை என்று கொள்வோம். முதற்பகுதி நடுதல். இருவரும் மாறி மாறித் தம் நிறச் சீட்டு ஒன்றை வைக்க வேண்டும். அதைத் தரையில் புதிதாக நடலாம். அல்லது முன்பே வைத்த எந்தச் சீட்டின் மேல்நுனியிலும் ஒட்டி வைக்கலாம். அந்தச் சீட்டு தம்முடையதாக இருந்தாலும் எதிரியுடையதாக இருந்தாலும் தடையில்லை. ஒரே நுனியிலிருந்து இரண்டு மூன்று சீட்டுகள் கிளைவிடவும் செய்யலாம்.

எல்லாச் சீட்டும் தீர்ந்ததும் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. அது வெட்டுதல். மாறி மாறித் தம் நிறச் சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த சீட்டுக்கு மேலே இருந்து, தரையோடு தொடர்பு அறுந்துபோன சீட்டுகள் எல்லாம், எந்த நிறமாயினும், கூடவே விழுந்துவிடும். தம் முறை வரும்போது எடுக்கத் தம் நிறச் சீட்டு இல்லாதவர் தோற்றவர். அவ்வளவே விதி. பத்து வயதுச் சிறுவனுக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மரத்துக்கு ஒரு மதிப்பு

தரையில் மூன்று கறுப்புச் சீட்டுகள் தனித்தனியே நிற்கின்றன. இரண்டு சிவப்புச் சீட்டுகள் தனித்தனியே நிற்கின்றன என்று கொள்வோம். கறுப்புக்காரருக்கு மூன்று வெட்டு உண்டு, சிவப்புக்காரருக்கு இரண்டே. யார் தொடங்கினாலும் சிவப்புக்காரருக்கே முதலில் சீட்டு தீரும். கறுப்புக்காரர் ஒரு வெட்டு முன்னால் நிற்கிறார். ஆகவே இந்தத் தோட்டத்தின் மதிப்பு 3 − 2 = 1 என்போம். கறுப்புக்கு ஆதாயமானால் நேர் எண். சிவப்புக்கு ஆதாயமானால் எதிர் எண்.

இரண்டும் சமமாக இருந்தால் மதிப்பு 0. அப்போது யார் தொடங்குகிறாரோ அவர் தோற்பார். ஏனெனில் அவருடைய சீட்டே முதலில் தீரும். இதில் ஒரு வியப்பு அடங்கியிருக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களில் முந்திக்கொள்வது இலாபம். இங்கோ வெட்டு ஒன்றைச் செலவு செய்வது கையிருப்பைக் கரைப்பதாகும். கடைசிவரை கையில் மிச்சம் வைத்திருப்பவரே வெல்கிறார். மதிப்பு என்று நாம் சொல்வது அந்த மிச்சத்தைத்தான்.

ஒரே நிறத்தில் மூன்று சீட்டு ஒன்றன்மேல் ஒன்றாக நின்றாலும் மதிப்பு 3தான். உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் மூன்று வெட்டுக் கிடைக்கும் அல்லவா? சிக்கல் எல்லாம் ஒரு மரத்தில் இரு நிறமும் கலக்கும்போதுதான்.

அரை வெட்டு என்று ஒன்று உண்டா?

அடியில் ஒரு கறுப்பு, அதன் உச்சியில் ஒரு சிவப்பு. இந்த மரத்தைக் 'க–சி' என்று எழுதுவோம்; முதலில் எழுதுவது வேர்ப்பக்கம். ஆளுக்கு ஒரு சீட்டு இருப்பதால் மதிப்பு 0 என்றுதான் முதலில் தோன்றும். ஆடிப் பார்ப்போம்.

கறுப்புக்காரர் தொடங்கினால் அடியை எடுப்பார். மரம் முழுதும் விழும். சிவப்புக்கு ஒன்றும் இல்லை. சிவப்புக்காரர் தொடங்கினால் உச்சியை எடுப்பார்; அடுத்து கறுப்புக்காரர் அடியை எடுப்பார்; மீண்டும் சிவப்புக்கு ஒன்றும் இல்லை. எப்படியும் வெற்றி கறுப்புக்கே. ஆகவே மதிப்பு 0 அன்று, அதைவிட அதிகம்.

அப்படியானால் 1 ஆக இருக்குமோ? பக்கத்தில் தனிச் சிவப்பு ஒன்றை நட்டு இதையும் சோதிக்கலாம். மரத்தின் மதிப்பு 1 என்றால் இரண்டும் சேர்ந்து 0 ஆக வேண்டும். தொடங்குபவர் தோற்க வேண்டும். கறுப்புக்காரர் தொடங்கினால் மரத்தை வீழ்த்துவார், சிவப்புக்காரர் தம் தனிச் சீட்டை எடுப்பார், கறுப்பு தோற்கும். சரி, சிவப்புக்காரர் தொடங்கட்டும். அவர் மரத்தின் உச்சியை எடுக்கிறார். மிஞ்சுவது ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும். கறுப்பு எடுக்க, சிவப்பு எடுக்க, கறுப்பு தோற்கும். எப்படியும் சிவப்பே வெல்கிறது. ஆகவே மரத்தின் மதிப்பு 1ஐ விடக் குறைவு.

0க்கு மேல், 1க்குக் கீழ். இப்போது அந்த மரத்தைப் போல இரண்டு மரங்களையும் ஒரு தனிச் சிவப்பையும் வைத்து ஆடுங்கள். கறுப்புக்காரர் தொடங்கினால் ஒரு மரம் விழும், சிவப்புக்காரர் மற்ற மரத்தின் உச்சியை எடுப்பார், மிஞ்சுவது ஒன்றுக்கு ஒன்று, முறை கறுப்புக்கு, கறுப்பு தோற்கும். சிவப்புக்காரர் தொடங்கி ஒரு மரத்தின் உச்சியை எடுத்தால், கறுப்புக்காரர் மற்ற மரத்தை அடியோடு வீழ்த்துவார், மிஞ்சுவது ஒன்றுக்கு ஒன்று, முறை சிவப்புக்கு, சிவப்பு தோற்கும். சிவப்புக்காரர் தம் தனிச் சீட்டை எடுத்தாலோ, இரண்டு க–சி மரங்கள் மிஞ்சும். அதிலும் சிவப்புக்கு வழியில்லை. தொடங்குபவர் எப்போதும் தோற்கிறார். ஆகவே மொத்த மதிப்பு 0. அதாவது, இரண்டு மரங்கள் சேர்ந்து ஒன்று. ஒரு மரம் சரியாக அரை!

வெட்டை எண்ணினால் ஒன்று, இரண்டு என்று முழு எண்தான் வர வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள்ளிருந்து ஒரு அரை எழுந்து நிற்கிறது. எங்கள் பேராசிரியர் வகுப்பு முடிந்த பின் இதைக் கரும்பலகையில் காட்டியபோது, பின்னங்கள் புத்தகத்தில் மட்டும் வாழ்பவை அல்ல என்று எனக்குப் புரிந்தது.

உரி, உழக்கு, ஆழாக்கு

க–சி அரை என்றால் க–சி–சி எவ்வளவு? மேலே செய்தது போலவே ஆடிப் பார்த்தால் கால் என்று கிடைக்கும். க–சி–சி–சி அரைக்கால். இன்னும் ஒரு சிவப்பு ஏறினால் மாகாணி, அதாவது 1/16. ஒவ்வொரு சிவப்பும் கறுப்பின் ஆதாயத்தைப் பாதியாக்குகிறதே ஒழிய, அடியில் கறுப்பு நிற்கும்வரை அதை முற்றிலும் அழிக்க முடிவதில்லை.

என் பாட்டி பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் பால் அளக்கும்போது கணக்குத் தவறியதில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அதாவது உரி அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. ஒவ்வோர் அளவும் அடுத்ததில் சரிபாதி. இந்தச் சீட்டு மரங்களின் மதிப்புகளும் அப்படியே: பகுதியில் 2, 4, 8, 16 என்று இரண்டின் படிகளே வரும். க–சி ஓர் உரி. க–சி–சி ஓர் உழக்கு. க–சி–சி–சி ஓர் ஆழாக்கு. கேம்பிரிட்ஜில் ஆராயப்பட்ட கணிதத்தின் எண்கள் நம் அடுப்படியின் மூலையில் அளவுச் செம்புகளாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. படித்த பரம்பரை இல்லை என்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிளையில்லாத மரத்துக்கு மதிப்புக் காணும் விதி எளிது. அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். நிறம் மாறும்வரை ஒவ்வொரு சீட்டுக்கும் 1. நிறம் மாறிய முதற்சீட்டுக்கு 1/2. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 1/4, 1/8 என்று பாதி பாதியாகக் குறையும். கறுப்பானால் கூட்டுக, சிவப்பானால் கழிக்க. எடுத்துக்காட்டாக, க–க–சி என்பது 1 + 1 − 1/2 = ஒன்றரை.

கிளைவிட்ட மரமானால் உச்சியிலிருந்து இறங்கி வர வேண்டும். ஒரு கறுப்பு அடிமரத்தின் மேல் உள்ள கிளைகளின் மதிப்புகளை முதலில் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுத்தொகையோடு 1, 1 என்று சேர்த்துக்கொண்டே போய், அது 1ஐத் தாண்டியதும் நிறுத்துங்கள். எத்தனை முறை சேர்த்தீர்களோ அதில் ஒன்று குறைத்து, அத்தனை முறை பாதியாக்குங்கள். அதுவே மரத்தின் மதிப்பு. கறுப்பு அடியின் மேல் இரண்டு சிவப்புக் கிளைகள் இருந்தால் கூட்டுத்தொகை −2. ஒன்று ஒன்றாகச் சேர்த்தால் −1, 0, 1, 2. நான்காம் முறையில் 1ஐத் தாண்டியது. மூன்று முறை பாதியாக்கினால் 2 என்பது 1, 1/2, 1/4 ஆகிறது. விடை கால். அடிமரம் சிவப்பானால் கூட்டுவதற்குப் பதில் கழித்து, −1க்குக் கீழே போனதும் நிறுத்தி, இதே போலப் பாதியாக்க வேண்டும்.

இனி, ஒரே மூன்று சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு. க–க–சி என அடுக்கினால் மதிப்பு ஒன்றரை. கறுப்பு அடியின் மேல் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமாகக் கிளைவிட்டால் ஒன்று. க–சி–க என்றால் 1 − 1/2 + 1/4 = முக்கால். சி–க–க என்றால் −1 + 1/2 + 1/4 = −1/4; அதாவது கறுப்பு இரண்டு இருந்தும் வெற்றி சிவப்புக்கே. சீட்டு மாறவில்லை, அடுக்கு மட்டுமே மாறியது. விழுந்த சீட்டைக் குறை கூறுவோர் இந்த நான்கு மரங்களையும் ஒருமுறை மேசைமேல் வைத்துப் பார்க்கட்டும். வேரில் நிற்பது எது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

இடையே முதலாண்டில் படித்த பெருக்குத்தொடரும் இங்கே தலைகாட்டுகிறது. க–சி–க–சி என்று மாறி மாறி மரம் வளர்ந்தால் மதிப்பு 1, 1/2, 3/4, 5/8, 11/16 என்று ஊசலாடிக்கொண்டே போகும். முடிவின்றி வளரும் மரத்துக்கு 1 − 1/2 + 1/4 − 1/8 + … என்ற தொடரின் கூட்டுத்தொகையே மதிப்பு. அது 2/3. எத்தனை சீட்டு அடுக்கினாலும் முடிவுள்ள மரம் எதுவும் மூன்றில் இரண்டைத் தொட முடியாது. முடிவிலியே அதைத் தொடுகிறது.

நடுவதா, ஏறுவதா?

புதிதாக ஆடுபவர்களைக் கவனித்தால், நடும் பகுதியில் அவர்கள் எதிரியின் மரத்தின் மேலேயே குறியாக இருப்பதைக் காணலாம். எதிரி ஒரு சீட்டு நட்டால் உடனே அதன் தலையில் தம் சீட்டை வைத்துவிடுவார்கள். அவனைக் கெடுத்துவிட்டோம் என்ற திருப்தி. கணக்கு என்ன சொல்கிறது?

தனியே நிற்கும் கறுப்பின் மதிப்பு 1. அதன்மேல் சிவப்பு ஏறினால் அரை. ஆக சிவப்புக்குக் கிடைத்த இலாபம் அரை மட்டுமே. இன்னொரு சிவப்பும் அதன்மேல் ஏறினால் இலாபம் கால், அடுத்ததற்கு அரைக்கால். அதே சீட்டைத் தரையில் நட்டிருந்தாலோ மதிப்பு முழுதாக ஒன்று மாறியிருக்கும்.

எந்தச் சீட்டை எங்கே வைத்தாலும் தோட்டத்தின் மதிப்பு 1க்கு மேல் மாறவே மாறாது. காரணம், மேலே சொன்ன விதியில் பாதியாக்கும் வேலைதான் உண்டு. இரட்டிப்பாக்கும் வேலை இல்லை. உச்சியில் நிகழும் மாற்றம் அடிமரம் வழியாக இறங்கி வரும்போது குறையலாம், ஒருபோதும் பெருகாது. ஆகவே தரையில் நடுவதைவிட அதிக இலாபம் தரும் இடம் எதுவுமில்லை.

இதிலிருந்து ஒரு தேற்றமே கிடைக்கிறது. ஒருவர் தம் எட்டுச் சீட்டுகளையும் தரையில் தனித்தனியே நட்டால் அவருக்கு 8 உறுதி. எதிரி என்ன செய்தாலும் 8க்கு மேல் குறைக்க முடியாது. எனவே நட்டவர் நட்டத்தில் போக வழியே இல்லை. எதிரி ஒரே ஒரு முறை இவருடைய மரத்தில் ஏறினாலும் குறைந்தது அரை அளவு பின்தங்குகிறார். பிறகு யார் தொடங்கினாலும் தோற்கிறார். எதிரியும் விழிப்போடு முழு இலாபம் தரும் இடங்களிலேயே வைத்தால் மொத்தம் 0. வெட்டத் தொடங்குபவர் தோற்பார். நடுவதில் முந்தியவரே வெட்டுவதிலும் முந்த வேண்டியிருப்பதால், இரண்டாவதாக நடுபவருக்கு வெற்றி உறுதி.

'இரகசியம் தெரிந்துவிட்டால் ஆட்டம் சுவைக்குமா?' என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. மூன்றாமவர் ஒருவர் தம் விருப்பம்போல் மரங்களை அடுக்கட்டும். பிறகு ஒருவர் நிறத்தைத் தேர்ந்துகொள்ளட்டும்; மற்றவர் யார் தொடங்குவது என்று முடிவு செய்யட்டும். இப்போது கணக்குப் போடத் தெரிந்தவரே வெல்வார். பொழுதும் போகும், மூளையும் தேயும்.

கவிழ்த்து வைத்த சீட்டு

இன்னொரு வகையும் உண்டு. சீட்டுகளை முதுகு தெரியும்படி கவிழ்த்து வைத்தால் அவை இருவருக்கும் பொது. எவரும் எதையும் வெட்டலாம். இங்கே முன்பு கண்ட எண்கள் பயன்படா. தனிச் சீட்டு ஒன்று நின்றால் தொடங்குபவரே வெல்கிறார் அல்லவா? இது 'நிம்' என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தில் போய் முடிகிறது. அதற்கு அந்தப் பெயரைச் சூட்டி, முழுக் கணக்கையும் 1901ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் பூட்டன்.

கவிழ்த்த சீட்டுகளால் 3, 4, 5 உயரத்தில் மூன்று மரங்கள் நிற்பதாகக் கொள்வோம். உயரங்களை 1, 2, 4 என்ற படிகளாகப் பிரியுங்கள். 3 = 2 + 1; 4 = 4; 5 = 4 + 1. இரண்டு நான்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; இரண்டு ஒன்றுகளும் அவ்வாறே. மிஞ்சுவது ஓர் இரண்டு. மிச்சம் இருந்தால் தொடங்குபவர் வெல்லலாம். மிச்சம் இல்லையேல் தோற்பார். ஆகவே மூன்றுயர மரத்தில் மேலிருந்து இரண்டை வீழ்த்தி 1, 4, 5 என்று விட்டுவிட வேண்டும். பிறகு எதிரி எதை வெட்டினாலும் சமநிலை குலையும். மீண்டும் அதைச் சமப்படுத்திக்கொண்டே போனால் கடைசிச் சீட்டு நம்முடையதே.

இருவருக்கும் ஒரே உரிமை உள்ள, வாய்ப்புக்கு இடமில்லாத, முடிவுள்ள ஆட்டம் எதுவாயினும், எடுக்க வழியற்றவர் தோற்பார் என்ற விதி இருந்தால், அது நிம் ஆட்டத்தின் ஒரு குவியலுக்குச் சமமே என்று ஜெர்மனியில் ரோலண்ட் ஸ்ப்ராகு 1935இலும், இங்கிலாந்தில் பேட்ரிக் கிரண்டி 1939இலும் ஒருவரை ஒருவர் அறியாமலே நிறுவினர். மனிதனோடு நிம் ஆடும் பொறி ஒன்று 1940இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பிரிட்டனின் ஃபெரண்டி நிறுவனம் 1951இல் 'நிம்ராட்' என்னும் கணிப்பொறியையே இந்த ஆட்டத்துக்காகச் செய்தது. கணினி விளையாட்டுகளின் மூதாதையருள் ஒன்று இந்த எளிய ஆட்டம் என்பதை நம் கணினித் துறை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

விளையாட்டை வினையாகக் கொண்டவர்கள்

கான்வே 1937இல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கற்று, அங்கேயே கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்றவர். கீழை நாடுகளின் 'கோ' என்னும் பலகை ஆட்டத்தின் இறுதிக் கட்டம் பல சிறு ஆட்டங்களாகப் பிரிந்து நிற்பதைக் கண்டு, ஆட்டங்களைக் கூட்டுவது எப்படி என்று சிந்தித்தார். ஆட்டங்களைக் கூட்டப் போனவர் கையில் ஒரு புதிய எண் உலகமே கிடைத்தது. முழு எண், பின்னம், விகிதமுறா எண், முடிவிலியில் பெரிய எண், முடிவிலியில் சிறிய எண் அனைத்தும் அதில் அடக்கம். டொனால்டு நூத் என்னும் கணினி அறிஞர் இதை ஒரு சிறுகதை நூலாகவே 1974இல் எழுதி, அந்த எண்களுக்கு 'சர்ரியல் எண்கள்' என்று பெயரிட்டார். கான்வேயின் சொந்த நூல் 1976இல் வந்தது. எல்வின் பெர்லகாம்ப், ரிச்சர்டு கை ஆகிய இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய 'வின்னிங் வேஸ்' 1982இல் வெளியாயிற்று. மர ஆட்டத்தின் விரிவான கணக்கெல்லாம் அதில் உள்ளது.

அந்நூல் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. மரமாக இருக்கும்வரை கணக்கு எளிது. கிளைகள் மீண்டும் ஒன்றோடொன்று கூடி வளையங்கள் உண்டாகிவிட்டால், மதிப்புக் காண்பது கணினிக்கும் கடினமான சிக்கல்களின் வகையில் சேர்ந்துவிடுகிறது. விதி மாறவில்லை, உருவம் மட்டுமே மாறியது.

பெர்லகாம்ப் 2019 ஏப்ரலிலும், கை தம் 103ஆம் வயதில் 2020 மார்ச்சிலும், கான்வே கொரோனா நோயால் 2020 ஏப்ரலிலும் மறைந்தனர். ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் மூவரும் போய்விட்டார்கள். வாழ்நாள் முழுதும் விளையாட்டைப் பற்றி எழுதியவர்களை உலகம் பெரும் கணித அறிஞர்களாகப் போற்றியது என்பது, 'விளையாடியது போதும், போய்ப் படி' என்ற குரலைக் கேட்டே வளர்ந்த நமக்கு ஆறுதல் தரும் செய்தி!

முடிவாக

கணிதம் யாருக்கோ எழுதி வைத்த சொத்து அன்று. இந்த ஆட்டத்தைக் கற்கப் பெரிய நூலகம் வேண்டாம். ஆங்கிலப் புலமை வேண்டாம். தந்தை பட்டதாரியாக இருக்க வேண்டாம். ஒரு பழைய சீட்டுக்கட்டும், பாதி என்றால் என்ன என்று தெரிந்த மனமும் போதும். அந்த மனம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. அளந்து கொடுத்தவர்கள் நாம். அதை எண்ணாக எழுதிப் பார்க்கத்தான் இப்போது கல்லூரிக்கு வந்திருக்கிறோம். பிறர் மரத்தின் தலையில் ஏறி அமர்ந்தால் கிடைப்பது அரை. நம் மண்ணில் நட்டால் கிடைப்பது ஒன்று என்பதையும் இந்தக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறது. அறிவுரையாக அன்று, நிறுவப்பட்ட தேற்றமாக.

படித்ததோடு நிற்க வேண்டாம். மேசையில் மூன்று மரங்களை அடுக்குங்கள்: ஒன்று க–சி–க, இன்னொன்று சி–க–க, மூன்றாவது சி–க. கறுப்பு ஐந்து, சிவப்பு மூன்று. எதிரே ஒரு நண்பரை அமர்த்தி, யார் தொடங்குவது என்று அவரையே கேளுங்கள். அவர் பதில் சொல்லும் முன்பு நீங்கள் மட்டும் மனத்துக்குள் மூன்று மதிப்புகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.